சிக்லாப் வீட்டுப் போர்ச் விசிறி: விடிகாலையில் மட்டும் மின்சாரம் போன காரணம்

புகார் இப்படித்தான் வந்தது. விடிகாலையில் வீடு முழுக்க மின்சாரம் போய்விடுகிறது. சுவிட்சைத் தூக்கிவிட்டால் உடனே மறுபடி விழுகிறது. பிற்பகலில் தூக்கினால் ஒன்றும் ஆகாமல் நிற்கிறது. குளிர்ப்பெட்டியில் வைத்த இட்லி மாவு புளித்துப் போகிறது, பெரியவரின் இன்சுலின் குறித்து எல்லாருக்கும் கவலை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரின் சிக்லாப்பில், கடலோர ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சற்று உள்ளே தள்ளிய வரிசை வீடு அது. மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் தமிழ்க் குடும்பம். காரை வெளியே நிறுத்திவிட்டால், வீட்டு முகப்பில் கூரையோடு கார் நிற்கும் இடமான போர்ச்தான் அவர்களுக்கு வரவேற்பறை. பெரியவர் காலையில் தமிழ் முரசு படிப்பதும், சாயங்காலம் விருந்தாளிகள் உட்காருவதும் அங்கேதான். அதனால் போர்ச் கூரையில் ஒரு சீலிங் ஃபேன். 52 அங்குலம், ஐந்து இறக்கைகள், மர நிறம், ரிமோட் உண்டு. வீட்டைப் புதுப்பித்தபோது உள்ளறைகளுக்கு வாங்கிய அதே மாடலில் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வெளியே மாட்டியிருக்கிறார்கள்.

நான் உரிமம் பெற்ற மின்பணியாளர். இந்த வேலையை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் யாரும் விசிறியைப் பற்றிப் புகார் சொல்லவே இல்லை. அது ஆடுகிறது, காரின் மேல் பழுப்புச் சொட்டு விழுகிறது என்பதெல்லாம் நான் கேட்ட பிறகுதான் வந்தது. கடலோரப் பகுதிகளில் போர்ச்சிலும் பால்கனியிலும் விசிறி மாட்டியிருக்கும் பலருக்கு இதே நிலைதான் இருக்கும் என்று நம்புகிறேன்.

முன்பு வந்து பார்த்த ஒருவர், ஆர்சிசிபி (விழுந்துகொண்டிருந்த அந்த மின்கசிவுச் சுவிட்ச்) பழசாகிவிட்டது, மாற்றினால் சரியாகும் என்றாராம். மாற்றினார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்தது. அடுத்த மழைக்கு மறுபடி விழுந்தது.

ஆர்சிசிபி செய்யும் வேலை எளிது. வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதர் வழியாகவே தரைக்குப் போகிறது என்று பொருள். உடனே துண்டித்துவிடும். வீடுகளில் இருப்பது 30 மில்லியாம்பியர் வகை. சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு இது கட்டாயம். பழைய வீடுகளும் 2025 ஜூலை 1-க்குள் பொருத்தியிருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. 30 என்று எழுதியிருந்தாலும் சரியாக 30-ல்தான் விழும் என்றில்லை. 15-ஐத் தாண்டிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விழலாம். குளிர்ப்பெட்டி, ஏர்கான், தண்ணீர் ஹீட்டர், கணினி எல்லாம் இயல்பாகவே ஆளுக்குக் கொஞ்சம் கசியவிடும். அவற்றோடு இன்னொரு கசிவு சேர்ந்தால் போதும்.

காலையில் போனதால்தான் காரணம் பிடிபட்டது. முந்தைய இரவு நல்ல மழை, விடிவதற்குள் சுமத்ரா காற்று வேறு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இந்தப் புயல்வரிசை மேற்கிலிருந்து வந்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். மழை நேராக விழாமல் சாய்ந்து போர்ச்சுக்குள் வரும். டிபி பெட்டியில் (மின்பகிர்வுப் பெட்டி) எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு மின்சுற்றுக்கும் உள்ள தனிச் சுவிட்ச்) இறக்கி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். வாசல் பக்கத்து விளக்கு, விசிறிக்கான எம்சிபியைத் தூக்கியதும் ஆர்சிசிபி விழுந்தது.

"காத்தாடி ஓடவே இல்லையே தம்பி, ராத்திரியே ஆஃப் பண்ணிட்டேன்" என்றார் பெரியவர்.

"எதுல ஆஃப் பண்ணீங்க ஐயா?"

"ரிமோட்ல."

ரிமோட்டில் அணைத்தால் இறக்கை நிற்கும், மின்சாரம் நிற்காது. ரிமோட்டின் கட்டளையை வாங்கும் சிறிய பெட்டி, கூரையை ஒட்டிய கிண்ண மூடிக்குள் இருக்கிறது. சுவரில் உள்ள சுவிட்ச் போட்டபடியே இருந்தால் அந்தப் பெட்டிக்கு 230 வோல்ட் இரவும் பகலும் போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த வீட்டில் சுவர் சுவிட்சை யாரும் தொட்டதே இல்லை. ரிமோட் இயங்காமல் போய்விடுமே என்று அதன் மேல் ஒட்டுநாடாகூட ஒட்டியிருந்தார்கள். விசிறி ஓடாதபோதும் வீடு இருண்டதால் விசிறி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏணி ஏறும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துடைக்கத்தான் போகிறோம் என்றாலும் சுவர் சுவிட்சும் அணைந்திருக்க வேண்டும், எம்சிபியும் இறங்கியிருக்க வேண்டும். மூடியைத் திறப்பது, இணைப்பைத் தொடுவது எல்லாம் உரிமம் உள்ளவரின் வேலை. இறக்கையைத் துடைப்பது வீட்டுக்காரர் வேலை. ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மாத்திரை சாப்பிட்டுத் தலை சுற்றும் வயதில் உள்ளவர்கள் ஏற வேண்டாம். வெளி விசிறியை நன்றாகப் பராமரித்தும் ஏணியிலிருந்து விழுந்த செய்தியைக் கேட்க எனக்கு மனமில்லை.

மூடியை இறக்கினால் பல்லி எச்சம், உடைந்த பல்லி முட்டை ஓடு, சிலந்தி வலை. செம்புக் கம்பி முனைகளில் பச்சைப் பூப்பு. இணைப்புக் கட்டையின் மேல் வெள்ளையும் பழுப்புமாக ஒரு படலம், தொட்டால் பிசுபிசுப்பு. மின்கம்பிகளைப் பிரித்து, லைவையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, தரைக்கம்பிக்கு எதிராக 500 வோல்ட்டில் காப்புத்தடையை (மின்சாரம் கசியாமல் தடுக்கும் திறனை) அளந்தேன். குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 0.015 இருந்தது. அதாவது 15,000 ஓம். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் சுமார் 15 மில்லியாம்பியர். விசிறியின் கசிவு மட்டுமே ஆர்சிசிபியின் வாசலுக்கு வந்துவிடுகிறது. வீட்டின் இயல்பான கசிவும் சேர்ந்தால் தாண்டிவிடும். அன்றே பிற்பகல், ஒன்றையும் துடைக்காமல், அதே இடத்தில் மறுபடி அளந்தேன். தடை பல மடங்கு ஏறியிருந்தது. ஆர்சிசிபியும் விழாமல் நின்றது.

மழைத் தண்ணீர் மட்டும் காரணமென்றால் வெயிலில் காய்ந்ததும் கதை முடிந்திருக்க வேண்டும். மழையில்லாத சில காலைகளிலும் மின்சாரம் போனதாக மருமகள் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பு எனக்குப் பெரிய உதவி. அது உப்பைக் காட்டிக்கொடுத்தது.

சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி காய்ந்து பொடியாகும். சிங்கப்பூரில் மழையில்லாத நாளிலும் விடியற்காலை ஈரப்பதம் 90-க்கு மேல் போகும், பிற்பகல் 60 அளவுக்கு இறங்கும். ஆக, உப்பு படிந்த ஒவ்வொரு பரப்பும் இந்த ஊரில் தினமும் இரவில் நனைந்து பகலில் காய்கிறது. நனைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், இரும்பை அரிக்கும். மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. இட்லி மாவு புளித்த நேரமும் இந்த 75 விழுக்காட்டுக் கோடும் ஒத்துப்போயின.

உப்பு வந்த வழியும் தெளிவு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காலத்தில் சிங்கப்பூருக்குக் காற்று தென்கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறது. ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு அது நேர்க் கடற்காற்று. 1966-ல் தொடங்கிய நிலமீட்பில் கடல் தள்ளிப் போனது. சிக்லாப் கரையில் அலை அடித்த காலத்தைப் பெரியவர் இன்னும் சொல்வார். ஆனால் உப்புக்காற்றுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டில்லை. நான்கு மாதம் படிந்த உப்போடு அக்டோபரில் ஈரம் சேரும்போதுதான் தீபாவளி வருகிறது.

இந்த வேலையில் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புவது இதுதான். அந்த வீட்டின் இரும்புக் கேட் வெட்டவெளியில் நிற்கிறது, மழையில் முழுக்க நனைகிறது, ஆனாலும் விசிறியின் திருகுகளைவிட நல்ல நிலையில் இருந்தது. கேட்டில் படியும் உப்பை ஒவ்வொரு மழையும் கழுவி விடுகிறது. போர்ச் கூரை விசிறியை மழையிலிருந்து காக்கிறது, கூடவே கழுவும் மழையையும் தடுத்துவிடுகிறது. உப்பு வந்து சேரும், ஈரம் வந்து சேரும், கழுவ மட்டும் ஒன்றும் வராது. அந்த மழையின் வேலையைத்தான் ஈரத்துணி செய்ய வேண்டும்.

உப்புதான் காரணம் என்றால் கழுவினால் தடை ஏற வேண்டும். ஆகவே பழைய விசிறியை மாற்றும் பேச்சுக்கு முன் அதைச் சுத்தம் செய்தோம்.

இறக்கைகளைக் கீழிருந்து பார்த்தால் பளிச்சென்றுதான் இருந்தன. கைக்கெட்டும் அடிப்பக்கத்தை இல்லப் பணிப்பெண் வாராவாரம் துடைத்திருக்கிறார். மேல்பக்கத்தில், காற்றை வெட்டிக்கொண்டு போகும் முன்விளிம்பில், விரல் நக அளவுக்குக் கனத்த கறுப்புப் பொருக்கு. தூசி, வாகனப் புகை, பக்கத்துச் சமையலறைத் தாளிப்பின் எண்ணெய், உப்பு எல்லாம் இறுகிய கலவை. தலையணை உறையை இறக்கை மேல் நுழைத்து இழுக்கும் முறை உதிரித் தூசிக்கு நல்லது, கண்ணில் விழாது. பொருக்கு அதற்கு அசையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, பொருக்கின் மேல் சிறிது நேரம் போர்த்தி வைத்தோம். அப்புறம் நடுவிலிருந்து நுனியை நோக்கி வழித்தால் வந்துவிட்டது. மறுகை இறக்கையை அடியிலிருந்து தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மேலிருந்து அழுத்தினால் இறக்கையைப் பிடித்திருக்கும் தகடு வளையும்.

பலர் சோப்போடு நிறுத்திவிடுகிறார்கள். சோப்புப் படலம் தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். நல்ல தண்ணீர்த் துணியால் இன்னும் இருமுறை, வாளித் தண்ணீரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். உப்பு போவது இந்தச் சுற்றில்தான். கடைசியில் உலர்ந்த துணி. குளோரின் வெளுப்பான் வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வேண்டாம், வண்ணப்பூச்சைச் சுரண்டி உப்புக்கு வழி திறந்துவிடும். குழாய்த் தண்ணீரைப் பீச்சி அடிப்பதை அறவே விட வேண்டும். அந்த வீட்டில் கார் கழுவும்போது அழுத்தக் குழாயை விசிறிக்கும் ஒரு தடவை காட்டுவது வழக்கமாம். மோட்டாரின் காற்றுத் துளைகள் மேலே பார்த்து இருக்கின்றன. அழுக்கும் தண்ணீரும் நேராக உள்ளே போகும்.

மோட்டார் உடலுக்கு மென்மையான தூரிகையும் வேக்கம் கிளீனரும் போதும். இதன் தாங்கிகள் (பேரிங்) இருபுறமும் மூடி முத்திரையிட்டவை, வெளியிலிருந்து எண்ணெய் விட வேண்டியதில்லை. சத்தம் வந்தால் துரு நீக்கும் தெளிப்பானை அடிப்பது பரவலான பழக்கம். அது உள்ளே போனால் இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும்.

இணைப்புக் கட்டையை நான் தனியாகச் சுத்தம் செய்தேன். முதலில் காய்ச்சி வடித்த நீர், பிறகுதான் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது, ஆகவே அதை மட்டும் தடவினால் எண்ணெய் போகும், உப்பு நிற்கும். தண்ணீர் உப்பை எடுக்க, ஆல்கஹால் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஆவியாகும். பிறகு குறைந்த சூட்டில் உலர்த்தினேன். மறுநாள் விடிகாலையில், ஈரம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், போய் அளந்தேன். 1 மெகாஓமைத் தாராளமாகத் தாண்டியிருந்தது. பாகம் எதையும் மாற்றவில்லை, படலத்தை மட்டும்தான் அகற்றியிருந்தோம்.

சரி, அதோடு விட்டிருக்கலாமே என்று கேட்டால், முடியாது. சுத்தம் செய்த பிறகுதான் மற்றவை கண்ணுக்குத் தெரிந்தன.

பொருக்கு போனதும் ஆட்டம் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் கூரைக்கும் இடையே அளந்ததில் ஒன்று மற்றவற்றைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் நிம்மதி. இறக்கைகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மர நிறத் தாள். நுனிகளில் ஈரம் புகுந்து ஊதி, தாள் பிரிந்திருந்தது. எடைத்துண்டு ஒட்டிச் சமன் செய்யலாம்தான், ஆனால் பலகை இன்னும் ஈரம் குடிக்கும், இன்னும் தொங்கும்.

அதைவிட மோசம் தொங்குதண்டின் மேல்முனை. தண்டைப் பிடித்திருக்கும் குறுக்காணி கழன்று விழாமல் காப்பது ஒரு சின்னப் பிளவு ஊசி. அது துருவேறிப் பாதிக் கனத்துக்கு மெலிந்திருந்தது. காரில் சொட்டிய பழுப்பு நீர் இங்கிருந்து வந்ததுதான். விசிறி ஆட ஆட இந்த ஊசிதான் தேயும். பாதுகாப்புக் கம்பியும் மாட்டியிருக்கவில்லை. அந்த விசிறிக்கு நேர் கீழே பெரியவரின் நாற்காலி.

மருமகள் உடனே மாற்றச் சொன்னார். பெரியவருக்கு மனம் வரவில்லை. "நல்லா ஓடுற காத்தாடியை எதுக்குத் தம்பி தூக்கிப் போடணும்?" ஊசியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். இரு விரலால் வளைத்தார், உடைந்தது. அதற்கு மேல் பேச்சில்லை.

புதிய விசிறியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்த்தது முதலில் ஐபி எண், அதாவது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண். கடைசி இலக்கம் தண்ணீரைக் குறிக்கும். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். மூன்று பக்கம் திறந்த போர்ச்சுக்கு அதற்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பது என் முடிவு. வெளியிடத்துக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருப்பது மட்டும் போதாது. இறக்கை ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஊதாது. டிசி மோட்டார் மின்செலவைக் குறைக்கும், ஆனால் அதனுள்ளே மின்னணுப் பலகை இருப்பதால் பல்லிக்கும் உப்புக்கும் இன்னும் கூடுதலாகப் பயப்பட வேண்டும். அதனால் மூடிக்கும் கூரைக்கும் இடையே ரப்பர் வளையம் இட்டு, இணைப்புகளை நீர்புகாப் பெட்டிக்குள் வைத்து, கம்பியைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி மேலே ஏற்றினேன். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். திருகுகள் 316 வகைத் துருப்பிடிக்கா எஃகு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். 316-ல் உள்ள மாலிப்டினம் அதைத் தடுக்க உதவுகிறது. அலுமினியத் தகட்டோடு எஃகு சேரும் இடங்களில் நைலான் வளையம், இல்லையென்றால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிபடும். பாதுகாப்புக் கம்பியைத் தனி ஆணியில் கட்டினேன். இறக்கை தரையிலிருந்து 2.3 மீட்டருக்கு மேல் இருப்பதையும் அளந்து உறுதி செய்தேன்.

பராமரிப்பை மருமகளும் பணிப்பெண்ணும் நானும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். மாதம் ஒருமுறை வெறும் நல்ல தண்ணீர்த் துணியால் இறக்கையின் இரு பக்கமும், மோட்டார் உடலின் மேற்புறமும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மாதம் இருமுறை, ஏனென்றால் உப்பு சேரும் காலம் அது. சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் மட்டும். புகைமூட்டம் வந்து போனால் ஒரு கூடுதல் முறை. எல்லா இறக்கைகளையும் ஒரே நாளில் துடைக்க வேண்டும், பாதியில் விட்டால் எடை வேறுபட்டு ஆடும். வாளியைப் போர்ச்சில் அப்படியே விட வேண்டாம், கொசு முட்டையிட அந்தத் தண்ணீர் போதும். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். ரிமோட்டில் நிறுத்திய பிறகு இரவில் சுவர் சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஒட்டுநாடாவைப் பெரியவரே உரித்துப் போட்டார். மூடியைத் திறந்து ஊசி, திருகு, இணைப்பு பார்ப்பது வருடம் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில், என் பொறுப்பு.

தீபாவளிக்கு முந்தைய இரவு நல்ல மழை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஹீட்டர் போட்டார்கள், அடுப்படியில் எல்லாம் ஓடியது, ஆர்சிசிபி விழவில்லை. வடகிழக்குப் பருவமழை முழுக்க மருமகள் தன் குறிப்பேட்டைத் தொடர்ந்தார். ஜனவரியில் அதை வாங்கிப் பார்த்தேன், ஒரு முறைகூட விழுந்ததாக இல்லை. விடியற்காலையில் அளந்த காப்புத்தடையும் பொருத்திய நாளில் இருந்த அளவிலேயே நிற்கிறது.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அதே மின்சுற்றில்தான் கேட்டுத் தூண் விளக்கும், கேட்டைத் திறக்கும் மோட்டாரும் இருக்கின்றன. தூண் விளக்கின் கண்ணாடிக் கூண்டுக்குள் அதே வெள்ளைப் படலம் தெரிகிறது. கூண்டுக்கும் ஒரு சின்னக் கூரை உண்டு. அதை அடுத்த மாதம் திறக்கிறோம்.